எவ்வளவு தூரம் இழுக்கும்?

"இது எவ்ளோ தூரம் இழுக்குங்க, ஐயா?"

மறுபடியும் அதே கேள்வி! விஜிதரன் நிமிர்ந்து பார்த்தான். அதே பொம்பளைதான். அதே மஞ்சள் ஸ்வெட்டர், அதே ரப்பர் செருப்பு. ஹட்டன் டவுனில் வேறு கடையே இல்லாத மாதிரி, நாலு ஞாயிற்றுக்கிழமையாக இவன் கடைக்கே வந்து நிற்கிறாள்.

"எத்தன தடவம்மா சொல்றது? எட்டு மடங்கு இழுக்கும்."

"நல்லதுங்க. வெளிய நின்னு ஒருக்கா பாத்துட்டுத் தரட்டுங்களா?"

கடையில் இருப்பதிலேயே மலிவான, கைக்கு அடக்கமான கேமரா அது. வாங்க வருகிறவர்கள் படம் தெளிவாக வருமா, பேட்டரி நிற்குமா, வாரண்டி உண்டா என்று ஆயிரம் கேட்பார்கள். இவள் ஒன்றும் கேட்டதில்லை. விலைகூடக் கேட்கவில்லை. விலை கேட்காமல் சாமான் பார்க்கிறவளை எந்த வியாபாரி நம்புவான்?

அது போகட்டும். வாசல்படியில் நின்று அவள் கேமராவை எந்தப் பக்கம் திருப்புகிறாள் என்பதுதான் விஷயம். பஸ் ஸ்டாண்டு இல்லை, கோயில் கோபுரம் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருக்கிற மாடி வீடு. அது விஜிதரனின் வீடு!

அதுவும் வெயில் அடித்தால்தான். போன ஞாயிறு ஒரே மூட்டம். வந்தாள், மேட்டை ஒரு பார்வை பார்த்தாள், கேமராவைத் தொடாமலே போய்விட்டாள்.

பக்கத்துத் துணிக்கடை ராசிக் வேறு வந்து கொளுத்திப் போட்டார்.

"கவனம் தம்பி. இப்பல்லாம் களவெடுக்கிறவன் நேரா வாறதில்ல. முதல்ல அப்பாவி மூஞ்சியா ஒண்ண அனுப்பி, கேட் எங்க, பூட்டு எங்கன்னு படம் புடிச்சுக்குவான்."

விஜிதரன் உடனே மனைவிக்கு போன் போட்டான்.

"சுபா, கேட் பூட்டியிருக்கா?"

"நீங்க சொன்னதுல இருந்து நான் ஒருத்தருக்கும் கேட்டத் தொறக்கிறதே இல்லையே. ஏங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. பூட்டியே வை."

வெளியே அவள் லென்ஸை முழுசாக நீட்டிவிட்டாள். ஒரு கிளிக். இன்னொன்று. நடுவில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள். அவ்வளவு கவனம்! உதடு வேறு முணுமுணுக்கிறது. ஜன்னலை எண்ணுகிறாளோ?

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து போய்க் கேமராவைப் பிடுங்கினான்.

"யார ஏமாத்தப் பாக்குற? ஒன்ன அனுப்பினது யாரு? சொல்றியா, இல்ல பொலிசக் கூப்பிடவா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ, வேணாங்க ஐயா! காளியாயின்னு பேருங்க. பொகவந்தலாவப் பக்கம் தேயிலத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவ. ஒரு தப்பும் செய்யலீங்க."

"செஞ்சியா இல்லையான்னு இதுலயே தெரியும்."

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். ராசிக்கும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

கேட் இல்லை. பூட்டு இல்லை. மாடியில் துணி காயப்போடுகிற ஒரு பிள்ளை. அடுத்ததிலும் அவள்தான், பாயை உதறிக்கொண்டு. முந்தின வாரங்களில் எடுத்ததும் அழியாமல் கிடந்தது. எல்லாவற்றிலும் அவளே. அவன் வீட்டு வேலைக்காரப் பிள்ளை தனுஷிகா.

"எம் மகளுங்க அது," என்றாள் காளியாயி. சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஸ்கூல் முடிச்ச கையோட தரகர் கூட்டிக்கிட்டு வந்து அந்த வீட்டுல வேலைக்கு விட்டாரு. பாக்கப் போனா கேட்டத் தொறக்க மாட்டேங்கிறாங்க. போன்லயும் பேச விடுறதில்ல. பெத்தவளப் பாத்தா புள்ள அழுதுக்கிட்டுப் பின்னாலயே வந்துருமாம். தீவாளி வரைக்கும் யாரும் வரக் கூடாதுன்னு அந்த வீட்டு ஐயா சொல்லிட்டாராம்."

விஜிதரன் கேமராவைத் தாழ்த்தினான்.

"அவரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்லீங்க. கேட்டுக்கிட்ட நின்னா மதிலுதான் தெரியுது. இங்கருந்து மாடி தெரியும், முகம் தெரியாது. ஒங்க கேமராவுலதாங்க எம் புள்ள முகம் தெரியுது. வாங்க வக்கில்ல. பொய் சொல்லிப் பாத்தது தப்புத்தான், மன்னிச்சுருங்க."

ராசிக் மெல்லத் தன் கடைக்குள் நழுவிவிட்டார்.

திட்டு விழும் என்று காத்திருந்த காளியாயிக்கு, அது விழாததைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது. கிட்டே வந்தாள். திரையில் இருந்த மகளை விரலால் தொட்டாள்.

"கேமரா நல்லாத்தாங்க இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க ஐயா. இதுல புடிச்சா ஆளு மெலிஞ்ச மாதிரிதான் தெரியுமா, இல்ல எம் புள்ளதான் இப்பிடி மெலிஞ்சு போயிட்டாளா?"