கிண்ணத்துக்குள் வந்த நீலம்

உலையில் வைத்த கிண்ணத்துக்குள் கல்லுப்பும் பொட்டாஷ் உப்பும் ஒன்றாக உருகிக் கிடந்தன. அந்தச் சூட்டுக்குத் தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டுமே உருகியிருக்காது. அதில் கல்லுப்புக்கு ஏகப் பெருமை. பொட்டாஷ் தனக்கு மட்டுமே சொந்தம் என்று கல்லுப்பு நினைத்திருந்தது.

அப்போதுதான் ஒரு சிட்டிகை கோபால்ட் உப்பு வந்து விழுந்தது. விழுந்ததும் கரைந்து, தண்ணீர் மாதிரித் தெளிந்திருந்த குழம்பு முழுவதையும் நீலமாக்கிவிட்டது.

கல்லுப்புக்கு வயிறு எரிந்தது. "இப்பத்தான் வந்துச்சு. அதுக்குள்ள வீடு பூரா அதோட நிறம். நீயும் அதையே சுத்திச் சுத்தி வர்றே."

"நீயுந்தானே இடம் விட்டே? இல்லேன்னா அது எப்படிக் கரையும்?" என்றது பொட்டாஷ்.

"நான் ஒண்ணும் விடலை," என்று கல்லுப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. திருப்பிய பக்கமும் நீலம்தான்.

சற்று நேரத்தில் கிண்ணத்துக்கு மேலே ஒரு கரண்டி வந்து நின்றது. அதில் மஞ்சளாக இரும்பு உப்பு. "உள்ளே வரலாமா?" என்று அது தயங்கிக் கேட்டது.

கல்லுப்புதான் முந்திக்கொண்டது.

"இடமில்லைங்க. நாங்க பரம்பரை பரம்பரையா நீலம்."