எதிர்க்கடை விளக்கு

எதிர்க்கடையில் விளக்கு இன்னும் அணையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தையல்காரர் மெஷின்மேல் குனிந்தபடியே இருந்தார்.

"நிமிர்ந்து பாக்கறானா பாரு, திமிர் பிடிச்சவன்!" பாத்திரக்கடைக்காரர் பல்லைக் கடித்தார். "அவன் மூடாம நான் மூடறதா?"

"தெருவே அடங்கிப் போச்சு. யாரோடங்க போட்டி போடறீங்க?" என்றாள் மனைவி. "கண் ஆபரேஷனையும் தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றீங்க." இன்னும் ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள்.

இரண்டு கடைக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. தையல்கடையில் வெட்டிப் போட்ட துணித் துண்டுகள் காற்றில் பறந்து வந்து இவருடைய குடங்களுக்குள் விழுந்ததில் மூண்ட சண்டை. சமீபமாக ஒரு துண்டுகூட வரவில்லை. பயல் பயந்துவிட்டான் என்று இவருக்கு உள்ளூரக் குஷி.

அப்போதுதான் கடைத்தெருச் சீரமைப்பு அதிகாரி உள்ளே வந்தார். முன்பு ஒவ்வொரு கடையையும் முதலாளியோடு சேர்த்துப் படம் பிடித்துப் போனவர் அவர். அன்றைக்குப் பாத்திரக்காரர்கூடச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கல்லாவில் சிரித்தபடி உட்கார்ந்தார்.

"தெரு எப்படி ஜோரா ஆயிடுச்சு பாத்தீங்களா? எல்லாக் கடையிலயும் வெளிச்சம்!"

"வெளிச்சம் இருக்கு. வாங்கத்தான் ஆளக் காணோம்."

"அதெல்லாம் வருவாங்க. நீங்க கடையைக் காலி பண்ணிக் குடுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம்."

இந்தக் கடையை விட்டால் பாத்திரக்காரருக்குப் பிழைப்பும் இல்லை, போக்கிடமும் இல்லை. சட்டென்று எதிர்க்கடையைக் கைகாட்டினார்.

"முதல்ல அவனக் காலி பண்ணச் சொல்லுங்க. அவன் போன அடுத்த நிமிஷம் என் சாவி உங்க கையில."

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, வேணாங்க..."

"நீ சும்மா இரு! அவன் லேசுல போக மாட்டான். இந்தக் கடைமேல சத்தியம், சார்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"என்னைக்கு மாறியிருக்கேன்?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி புன்னகையோடு கையை நீட்டினார்.

"அவர் போய் ஒரு மாசம் ஆச்சுங்க. அங்க கண்ணாடியில ஒட்டியிருக்கறது அவரோட படம். உங்க படமும் வண்டியில ரெடியா இருக்கு."