நான்கு வருடம், இரண்டு மாதம்

மருத்துவக் கல்லூரியில் முதல் நாள். புது வெள்ளைக் கோட்டோடு வரிசையில் நின்ற தமயந்தியின் விரலிலிருந்து குமாஸ்தா ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஆயுள் பார்க்கும் இயந்திரத்தில் வைத்தார். இன்னும் நான்கு வருடம், இரண்டு மாதம் என்றது அது.

"படிப்பே அஞ்சரை வருஷம்மா. சீட்டை வீணாக்க முடியாது. கோட்டைக் கழட்டிக் குடு."

"சார், எனக்கு என்ன வியாதி?"

"அதெல்லாம் இது சொல்லாது."

காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த பெண் ஓடி வந்தாள். சூடு ஆறாத கோட்டு அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

வாசலில் அம்மா போவோர் வருவோருக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடி நின்ற தமயந்தியைக் குமாஸ்தா கனிவாகக் கூப்பிட்டார்.

"அழாதம்மா. இந்த உடல்தான ஃபாரத்துல கையெழுத்துப் போடு. நாலு வருஷம் கழிச்சுச் சேர்ற பிள்ளைங்க உன்னை வச்சுத்தான் படிக்கும்."