பதினேழாம் நம்பர்

"சார், வந்துட்டாரு!"

சர்வர் ரூமிலிருந்து ஆபரேட்டரம்மா குரல் கொடுத்ததும் பேராசிரியர் எழுந்து உள்ளே ஓடினார். மணி சரியாக நாலு பத்து. திரையில் அதே வரி: 'பதினேழு – இருக்கேன்.'

பதினேழாம் நம்பர் செத்து எட்டு வருஷம் ஆகிறது.

"பேய்க்கு என்னம்மா மரியாதை வேண்டிக்கிடக்கு?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"நேரத்துக்கு வர்றாரே சார். நம்ம டிபார்ட்மென்ட்ல வேற யாரு வர்றாங்க?"

ஆறு மாதமாகத் தினமும் இந்தக் கூத்துதான். பழைய மெசேஜ் எங்கோ சிக்கியிருக்கும் என்று ஒவ்வொரு மெஷினாகக் குடைந்து பார்த்துவிட்டார், ஒன்றும் அகப்படவில்லை. போன மாதம் ஒரு வாரம் மட்டும் வரவில்லை. ஆபரேட்டரம்மாவும் காய்ச்சலென்று லீவு. டீ போட ஆளில்லாவிட்டாலும் பேய் இல்லையே என்று நிம்மதியாக இருந்தார்.

நூறு கம்ப்யூட்டர்கள் ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்தால், ஒவ்வொன்றும் அடிக்கடி 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். மூன்று முறை சத்தம் இல்லையென்றால் செத்ததாக வைத்து, மற்றவை வேலையைப் பார்க்க வேண்டும். இதுதான் அவருடைய முப்பது வருஷ ஆராய்ச்சி.

அதை ஒரு சுரங்கக் கம்பெனி வாங்கி, தொழிலாளர்களின் இடுப்பில் ஆளுக்கொரு கருவியாகக் கட்டியது. சுரங்கம் இடிந்த அன்று திரைமுன் உட்கார்ந்திருந்தவர் இவர்தான். பதினேழு மூன்று முறை பேசவில்லை; பட்டியலில் அந்த நம்பரை அடித்துவிட்டார். தோண்டுகிறவர்கள் அடுத்த பக்கம் போய்ப் பதினோரு பேரை மீட்டார்கள். விருதுக்கு மேல் விருது வந்தது.

இன்றோடு ஓய்வு. ஐந்து மணிக்குப் பிரிவுபசாரக் கூட்டம்.

"சுரங்கத்துக்காக வெச்ச அந்தப் பழைய ரிசீவரையும் ஆஃப் பண்ணிடுங்கம்மா. இனிமே எதுக்கு?"

"ஆஃப் பண்ணிட்டா போயிடுவாரா சார்?"

அவ்வளவுதான். மனுஷன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"போகமாட்டான்மா. மூணு தடவைதான் அவன் பேசல. நாலாவது தடவை பேசினான். நாலு பத்துக்கு. நான் என் கண்ணால பார்த்தேன்."

ஆபரேட்டரம்மா திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அதுக்குள்ள எல்லாரும் அடுத்த பக்கம் போயிட்டாங்க. ரெண்டு பேரையாவது திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பினா என் கணக்கு தப்புன்னு ஆயிடுமே! அந்த வரியை அழிச்சுட்டேன். பாவி நான், உசிரோட இருந்தவனை அழிச்சுட்டேன்." குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"எந்தத் தகவலும் ஒரே இடத்துல மட்டும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் கிளாஸ்ல சொல்வீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நீங்க உங்க பக்கம் இருந்ததைத்தான் அழிச்சீங்க."

கைப்பையைத் திறந்து, நசுங்கிய மஞ்சள் கருவி ஒன்றை மேசைமேல் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். கருவியின் சின்னக் கண்ணாடியில் எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதியும் நாலு பத்தும் தெரிந்தன. பெரிய திரையில் மறுபடியும் வந்தது: 'பதினேழு – இருக்கேன்.'

பேராசிரியர் கருவியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "இது... இது உங்ககிட்ட எப்படிம்மா?"

"எங்க வீட்டுக்காரர் இடுப்புலேர்ந்து அவுத்துக் குடுத்தாங்க சார்."