பத்து விரல், பத்து நாள்

"பதினைஞ்சு நாளா? ஏழு நாளுக்கு முடியுமான்னு கேளு!"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரியம்மாவுக்குத் தன் மொழி புரியாது என்ற தைரியத்தில் டைல்ஸ்காரர் உரக்கவே சொன்னார்.

"இது என்ன காய்கறிச் சந்தையா? மெதுவாப் பேசுங்க," என்றாள் மனைவி.

"கேட்டா என்ன குறைஞ்சிடும்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்."

பிழைக்க வந்த நாட்டில் தங்குவதற்கான குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வந்திருந்தார்கள். பழைய அட்டைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் ஆயுள். பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். அங்கேதான் சிக்கல். பதினெட்டு வருஷம் சிமெண்ட்டிலும் ஒட்டுப் பசையிலும் ஊறிய விரல்கள். கருவியில் வைத்ததும் 'கீ'யென்று கத்தியது. இரண்டாம் முறையும் கத்தல். மூன்றாம் முறை என்ன ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. திரை அதிகாரியம்மா பக்கம் திரும்பியிருந்தது. அந்தம்மா அவர் மனைவியிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

இந்த ஊர் மொழியை மனைவி ரொட்டிக் கடைக் கல்லாவில் நின்று பிடித்துக்கொண்டவள். டைல்ஸ்காரரோ நாள் முழுக்கத் தரையைப் பார்த்தே வேலை செய்பவர். எந்த ஊர்த் தரையும் வாய் திறந்து பேசுவதில்லை.

"சிமெண்ட்ல ரேகை தேஞ்சு போச்சாம். பதினைஞ்சு நாள் வேலைக்குப் போகாம, கையை ஆறவிட்டு வரணுமாம்," என்று அவள் சொன்னதற்குத்தான் இந்தப் பேரம்.

"அட்டையே பன்னிரண்டு நாள்ல செத்துடும். பதினைஞ்சாம் நாள் வந்து எதைப் புதுப்பிக்கிறது? காரியமா பண்றது? அதைக் கேளு!"

அவள் கண்ணாடிப் பக்கம் குனிந்து பேசினாள். அதிகாரியம்மா சிரித்தார், தலையாட்டினார்.

"பத்து நாள். இதுக்கு மேல ஒரு நாள்கூடக் குறையாதாம்."

டைல்ஸ்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பார்த்தியா? அரசாங்கமே இறங்கி வருது!" என்று இடுப்பில் கையை ஊன்றி, "அம்மாடி" என்று எழுந்தார். அப்புறம்தான் பயம் வந்தது. "அப்பவும் பதியலேன்னா?"

"மூணு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பாப்பா பள்ளிக்கூடமும் போச்சு."

வாசலிலிருந்தே காண்டிராக்டருக்குப் போன் போட்டார். மூன்று வருஷமாக ஒரு நாள் லீவு போடாத ஆள் பத்து நாள் கேட்டதும் அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. விஷயம் புரிந்ததும், "அட்டை இல்லாத ஆளை வெச்சா எனக்கில்ல ஆப்பு! கையைத் தொட்டில்ல போட்டு ஆட்டுய்யா. லீவுதான் மலை மாதிரி சேர்ந்து கிடக்கே," என்றார்.

வீட்டில் சட்டம் கடுமையாக இருந்தது. தினம் மூன்று வேளை விரல்களுக்கு எண்ணெய். தண்ணீர்க் கேனைத் தூக்கப் போனவரை, "வைங்க கீழே! கனம் தூக்கினா ரேகை நசுங்கிடும்," என்று மனைவி மறித்தாள். செருப்பை எடுக்கக் குனிந்தாலும் அதட்டல்தான்.

"குனியறதுக்கும் ரேகைக்கும் என்ன சம்பந்தம்?"

"ரத்தமெல்லாம் விரலுக்கு இறங்கி வீங்கிடுமாம். பேசாம படுங்க."

"அந்தம்மாவா சொன்னாங்க?"

"பின்னே, நானா சொல்றேன்?"

அரசாங்கம் சொன்னால் அப்பீல் ஏது? படுத்தார். முதல் இரண்டு நாள் புரண்டு புரண்டு முனகினார். மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்குக் குறட்டை விட்டார். ஐந்தாம் நாள் மகளைப் பள்ளிக்கூடம் வரை நடத்திக்கொண்டு போனார். அவளுக்கு இப்படி வாயாடத் தெரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

"அப்பா, இந்த விரல்ல ஒரு சுழி வந்திருக்கு!" என்று மகள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துத் தினமும் அறிக்கை கொடுத்தாள். சுண்டுவிரல் மட்டும் வழுவழுவென்றே இருந்தது. "ஒரு சுண்டுவிரல் மூணு பேரை நாடு கடத்தப் போகுதா?" என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பத்தாம் நாள் காலை, கைகளைப் பட்டுத்துணியில் சுற்றாத குறையாக ஏந்திக்கொண்டு மனைவியோடு அலுவலகத்துக்குப் போனார். பஸ்ஸில் கம்பியைக்கூடத் தொடவில்லை.

அதே அதிகாரியம்மா. டைல்ஸ்காரர் பத்து விரலையும் விரித்து நீட்டினார். அந்தம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு, நன்றி சொல்கிறார் என்று நினைத்தோ என்னவோ, அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே புது அட்டை. இன்னும் மூன்று வருஷத்துக்கு!

"கருவியில வைக்கவே இல்லையே?"

"கை குலுக்கினாங்களே, அப்பவே தெரிஞ்சிருக்கும். வாங்க போகலாம்," என்று மனைவி அவசரப்படுத்தினாள்.

வாசலில் அவர் நின்றுவிட்டார். அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஏம்மா, எனக்கு இந்த ஊர் எழுத்துதான் தெரியாது, எண் தெரியும். நாம முதல் தடவை வந்துட்டுப் போன மறுநாள் தேதிதானே இதுல போட்டிருக்கு!"

மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"அன்னைக்கு மூணாவது தடவையிலேயே ரேகை விழுந்துடுச்சுங்க. நாளைக்கு வந்து அட்டையை வாங்கிக்கங்கன்னுதான் அந்தம்மா சொன்னாங்க. பத்து நாள் குனியாம, கனம் தூக்காம படுத்துக் கிடக்கணும்னு சொன்னது, போன மாசம் உங்க முதுகைப் பார்த்த டாக்டர்!"