துஷ்டிச் சேதி

"டாக்டர், அந்த சிஆர்பி எம்புட்டு வந்திருக்கு?"

அழகுபாண்டி இன்றைக்கும் அதைத்தான் முதலில் கேட்டான். இனிக் குணமாகாது என்றானவர்களை வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன ஆஸ்பத்திரி அது. கே.கே. நகரில் இருக்கிறது. அவன் அப்பா நல்லகாமன் புற்றுநோயோடு அங்கே படுத்திருந்தார்.

அப்பா சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று அவன் கேட்டு நர்ஸ் முத்துமீனா பார்த்ததில்லை. ரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் அந்த எண் ஒன்றுதான் அவனுக்கு வேண்டும். அது ஏற ஏற ஆயுசு குறைவு என்று டாக்டர் எப்போதோ சொல்லித் தொலைத்திருந்தார்.

"இன்னும் ஏறியிருக்குப்பா. நாள் குறிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு வாரம் தாண்டுறது கஷ்டம். நினைவு அதுக்கு முன்னாடியே போயிரும்" என்றார் டாக்டர்.

அவன் விறுவிறுவென்று வெளியே போய் போனை எடுத்தான்.

"சித்தப்பா, அழகுபாண்டி பேசுறேன். அப்பா தவறிட்டாரு. உடனே வாங்க."

பின்னாலேயே வந்த முத்துமீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே மனிதர் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார், மகன் அதற்குள் ஊருக்குத் துஷ்டி சொல்கிறான். சொத்துக்குப் பறக்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு அவசரக்காரனைப் பார்த்ததில்லை.

"உயிரோட இருக்கவருக்குத் துஷ்டி சொல்றீங்களே, நீங்கள்லாம் ஒரு புள்ளையா?" என்று கேட்டே விட்டாள்.

சாயங்காலம் பரவையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார் சித்தப்பா பேயாண்டி. கையில் ரோஜா மாலை. துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டே உள்ளே வந்தவர், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"வந்துட்டியாடா தம்பி" என்று நல்லகாமன் கையை நீட்டினார்.

மாலையைக் கீழே போட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பேயாண்டி ஓவென்று அழுதார். அண்ணன் அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

முத்துமீனா ஒன்றும் புரியாமல் அழகுபாண்டியைப் பார்த்தாள்.

"அந்த நம்பர் இறங்காதான்னுதான் சிஸ்டர் தெனம் கேட்டேன். இறங்கல" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வரப்புச் சண்டையில, 'இனி உன் எழவுக்குத்தான்டா வருவேன்'னு சொல்லிட்டுப் போனவரு சித்தப்பா. எழவுக்கு வந்து அழுதா, அப்பாவுக்கு எப்படிக் கேக்கும்?"