பாதி மீசை

வேணிக்கு மீசை வரைய சித்ரலேகாவுக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார்கள்.

பாளையங்கோட்டையில் அந்தப் பெண்கள் கல்லூரிக்கு மீசை ஒன்றும் அதிசயமில்லை. நாடகம் என்றால் ராஜா வேண்டும், எமன் வேண்டும், போலீஸ்காரர் வேண்டும். எல்லாம் பெண்கள்தான் போட்டாக வேண்டும். அடுப்புக்கரியைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஒரு இழுப்பு இழுத்தால் ஆயிற்று. போன வருட எமனுக்குக் கொஞ்சம் தாராளமாக இழுத்துவிட்டார்கள். பாவம், அவன் தண்ணீர் குடித்த தம்ளரெல்லாம் கரி.

இந்த வருட மீசைதான் கதை கேட்காமலே வந்த மீசை.

நாடகம் சித்ரலேகா எழுதியது. எம்.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறாள். பாணதீர்த்தம் அருவிக்குப் பின்னால் வாசல் வைத்த ஒரு மந்திரப் பள்ளி. அங்கே பொன்னி, தாமரை என்று இரண்டு மாணவிகள். தொடக்கூடாத சுவடியைப் பொன்னி தொட்டுவிடுகிறாள். பழியைத் தாமரை தன் தலையில் போட்டுக்கொண்டு கல்லாகிப் போகிறாள். அவளை உயிராக நேசிப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கல் கரையும். பொன்னி கூப்பிடுகிறாள்.

ஆழ்வார்குறிச்சி நூலகத்தில் இருந்த மாயாஜாலக் கதை அத்தனையையும் பத்து வயதிலேயே தின்று தீர்த்தவள் சித்ரலேகா. ஏழு கடல் தாண்டினார்கள். ஏழு மலை தாண்டினார்கள். கிளிக்குள் உயிரை ஒளித்தார்கள். ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் ஒரு வாய்க்காலைக்கூடத் தாண்டவில்லை.

இல்லாவிட்டால் என்ன, எழுதினால் இருந்துவிட்டுப் போகிறது என்று உட்கார்ந்து எழுதினாள். பொன்னியாக அவளே நடிக்கிறாள். தாமரையாக வேணி.

நாடகத்துக்குப் பொறுப்பான கோமு மிஸ் படித்துவிட்டு அழுதேவிட்டார். இந்த வருட நாடகப் போட்டிக் கோப்பை நமக்குத்தான் என்றார். ஒத்திகையெல்லாம் முடிந்த பிறகு, நேற்று, ஒரு பென்சிலை எடுத்துத் தாமரையைத் தாமரைச்செல்வன் ஆக்கினார்.

"கத நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டும் பொம்பளப்பிள்ளையாப் போச்சே. ஒரு மீசைய வச்சிருங்கட்டி, பொறவு யாரு என்ன சொல்லப்போறா?"

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மீசை இல்லாவிட்டால் நாடகமே இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

சித்ரலேகா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மீசை இருக்கட்டும். கடைசிக் காட்சியில் கல்லைப் பார்த்துத் 'தாமரை' என்றுதான் கூப்பிடுவாள். மிஸ் திட்டட்டும், கோப்பை போகட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

தாவரவியல் ஆய்வகம்தான் ஒப்பனை அறை. சீசாக்களுக்குள் வேர்களும் காளான்களும் மிதந்துகொண்டிருந்தன. வேணி வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சித்ரலேகா மீசையை வரைந்து முடித்துவிட்டுத் தன் முடிவைச் சொன்னாள்.

வேணி தோள் துண்டின் நுனியை விரலில் சுற்றினாள்.

"எங்கம்மா மொத வரிசையில உக்காந்திருக்கா, சித்ரா."

ராதாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அம்மா. வேணி ஒத்திகையில் ஒரு சொல் பிசகாதவள். ஆனால் வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்கமாட்டாள். அவ்வளவு பயம். அது தெரிந்துதான் சித்ரலேகா எல்லாவற்றையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா கல்லா நில்லு. நான் கூப்பிட்டுக்கிடுதேன்."

வேணி எழுந்து கதவை நோக்கி நடந்தாள். போகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தாள் சித்ரலேகா.

வேணி கதவின் கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

பத்து நிமிடம் முடிந்து மணி அடித்தது.

மேடையோரத் தட்டிக்குப் பின்னால் கோமு மிஸ் நாடக நோட்டோடு நின்றார். மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. வந்த சித்ரலேகாவை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது என்னட்டி, ஒன் ஒதட்டுக்கு மேல கரி?"

கேட்டுவிட்டு, பின்னால் வந்த வேணியைப் பார்த்தார்.

வேணிக்குப் பாதி மீசைதான் இருந்தது.

கோமு மிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கைக்குட்டையை நீட்டினார். சித்ரலேகா வாங்கவில்லை. வேணியும் வாங்கவில்லை.

திரை விலகியது. முதல் வரிசையில், மடியில் பனங்கற்கண்டு நிறைந்த ஓலைக் கொட்டானோடு வேணியின் அம்மா.

முதல் காட்சியில் சித்ரலேகா இல்லை, வேணிதான். அருவி வாசலில் காவல் பூதம் அவளை மறித்து, நீ யார் என்று கேட்டது.

வேணி தோள் துண்டை எடுத்து மிச்ச மீசையையும் அழுந்தத் துடைத்தாள்.

"நான் தாமரை."

கடைசிக் காட்சிக்கென்று தான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை இவள் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டாளே என்று சித்ரலேகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"செல்வன்... செல்வன்..." என்று கோமு மிஸ் தட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். முதல் வரிசை வரைக்கும் கேட்டது.

வேணிக்கும் கேட்டது. அவள் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள்.